மலைக்கோட்டை சொல்லும் சாட்சியம்

ஊருக்கு நடுவே மலை நிற்பது தமிழ் நாட்டில் அதிசயமன்று. பழனியும், திண்டுக்கல்லும், நாமக்கல்லும், திருப்பரங்குன்றமும் நாம் அறிந்தவையே. எனினும், ஒரு பெருநகரத்தின் இருதய ஸ்தானத்திலே நின்று, அந்நகரத்திற்குப் பெயரையும் தெய்வத்தையும் கோட்டையையும் கீர்த்தியையும் துயரத்தையும் ஒருங்கே அளித்த மலை ஒன்று உண்டெனில், அது திரிசிராமலையே என்பதில் சந்தேகமில்லை. இரண்டாயிரம் வருஷத்துத் தமிழ்ச் சரித்திரத்தை ஒரே கல்லில் எழுதிக் காட்டு என்று எவரேனும் நம்மைக் கேட்பாராயின், திருச்சிராப்பள்ளிக்கு ரெயிலேறிப் போய் அந்தப் படிகளில் ஏறும் என்று விடையளிப்பதே போதுமானது.

மடத்துக்குளத்தில் அமர்ந்துகொண்டு திருச்சிராப்பள்ளியைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர் சிலர் வினவக்கூடும். அதற்கு நம் வாசலில் ஓடும் அமராவதியே மறுமொழி கூறும். கொழுமத்தையும் குமரலிங்கத்தையும் தொட்டு, நம் மடத்துக்குளத்தையும் கடத்தூரையும் கடந்து, தாராபுரத்தையும் கரூரையும் வாழ்வித்து, திருமுக்கூடலூரிலே காவிரியுடன் கலக்கும் அந்நதியின் நீர், பின்னர் உச்சிப் பிள்ளையார் பார்த்திருக்கவே திருச்சிராப்பள்ளியைத் தாண்டிச் செல்கிறது. நம் வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சிய நீர் அம்மலையின் நிழலைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகிறது. உறவு இதனினும் நெருங்கியது வேண்டுமோ? மற்றொரு காரணமும் உண்டு. அதனை முடிவில் கூறுவோம்.

கல்லின் வயது

திரிசிராமலை சுமார் 270 அடி உயரமுள்ளது. மலை என்பது சற்று மிகை. பெரும் பாறை என்பதே பொருந்தும். ஆயினும் அதன் வயதை நோக்குமிடத்து இமயமலை அதற்குக் குழந்தை என்றே சொல்லவேண்டும். பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய கற்குவியல் அது. சுற்றிலும் இருந்த மெல்லிய பாறைகளையெல்லாம் மழையும் காற்றும் வெயிலும் கோடிக்கணக்கான வருஷங்களாக அரித்தெடுத்துச் சென்றன. இளகாத பகுதி மாத்திரம் எஞ்சி நின்றது. எஞ்சி நின்றதைத்தான் நாம் மலை என்று அழைக்கிறோம். குளித்தலையை அடுத்த ஐயர்மலையும், ஊருக்குத் தெற்கே உள்ள பொன்மலையும், கிழக்கே கோயிலைத் தாங்கி நிற்கும் திருவெறும்பூர்க் குன்றும் இவ்விதம் எஞ்சி நின்ற சகோதரர்களே. காவிரியின் வண்டல் சமவெளியில் இவை தீவுகள்போல் தலை நீட்டுகின்றன.

இத்தகைய இடத்தில் மனிதன் கண் படாமல் இருக்குமா? மேற்கே அடுத்தாற்போல் சோழரின் பழந் தலைநகராகிய உறையூர். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத் தீவு, அதற்கும் அப்பால் கொள்ளிடம். கிழக்கே கல்லணை. காவிரி இரண்டாகப் பிரிந்து தஞ்சைத் தரணிக்குச் சோறிடப் புறப்படும் வாசலிலே இம்மலை ஒரு காவலாளியைப்போல் நிற்கிறது. வாசலைப் பிடித்தவனே வீட்டையும் பிடிப்பான். மலையின் பாக்கியமும் துர்ப்பாக்கியமும் இந்த ஒரு நிலைமையிலிருந்தே பிறந்தன.

முதலில் ஏறியவர்கள் அரசர்களல்லர், துறவிகள். உச்சிப் பாறையின் சரிவிலே சமண முனிவர் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றினருகே ‘சிரா’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிரா என்ற முனிவரின் பள்ளியே சிராப்பள்ளி என்பது ஆராய்ச்சியாளர் பலரது அபிப்பிராயம். மூன்று தலை படைத்த திரிசிரன் என்னும் அசுரன் பூஜித்த இடம் என்பது ஸ்தல புராணம். புராணத்தை நம்புவார் நம்பட்டும். கல்வெட்டைப் படிப்பார் படிக்கட்டும். ஆண்டியின் படுக்கையிலிருந்து ஒரு பெருநகரத்தின் பெயர் பிறந்தது என்பதே நமக்குப் பெருமையாகத் தோன்றுகிறது.

குகையிலே ஒரு சாசனம்

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மகேந்திரவர்ம பல்லவன் இம்மலையைக் குடைந்து சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுத்தான். லளிதாங்குர பல்லவேசுவர கிருஹம் என்று அதற்குப் பெயர். லளிதாங்குரன் என்பது அவனது விருதுகளுள் ஒன்று. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் சமைத்ததாக மண்டகப்பட்டுச் சாசனத்திலே பெருமை கொண்டவன் இவனே. இக்குகையின் ஒரு புறச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதர மூர்த்தியின் சிற்பம் உள்ளது. அதன் கம்பீரத்தைக் கண்ணால் காண்பதன்றி எழுதிக் காட்டுதல் இயலாது.

சிற்பத்தின் இருமருங்கிலும் உள்ள தூண்களில் வடமொழிச் சாசனம் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. அதன் கருத்து மிக இனியது. பூமியின் மேல் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எவ்விதம் காண்பேன் என்று சிவபெருமான் கேட்டாராம். அதற்காகவே மேகத்தைத் தொடும் இம்மலையில் அரசன் அவருக்கு இடம் அமைத்தானாம். நதிகளிடத்துப் பிரியமுள்ள தம் நாயகர் காவிரியையும் விரும்பிவிடுவாரோ என்று ஐயுற்ற மலைமகள், தானும் இங்கு வந்து தங்கினாளாம். காஞ்சியிலிருந்து ஆண்ட அரசனுடைய சாசனம், தெய்வத்தின் வாயிலாகச் சோழ நாட்டைப் புகழ்கிறது! காவிரியைக் காண வேண்டுமென்ற ஆசை கடவுளுக்கும் உண்டு என்று எழுதிய அந்தக் கையை நாம் வணங்குகிறோம்.

மலையடிவாரத்தில் வேறொரு குடைவரையும் உண்டு. அதனை எட்டாம் நூற்றாண்டினது என்பர். சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே அங்குச் சந்நிதிகள் அமைந்திருக்கின்றன. இடையிலே, மலையின் நடுப்பகுதியில், பெருங்கோயில் கொண்டு தாயுமானவர் எழுந்தருளியிருக்கிறார். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத ஒரு கர்ப்பிணிக்கு இறைவனே தாயாக வந்து பிரசவம் பார்த்த கதையைத் தமிழ்நாட்டில் அறியாத தாய் இல்லை. அப்பரும் சம்பந்தரும் இம்மலையைப் பாடினர். நாயக்கர் சமஸ்தானத்தில் உத்தியோகம் வகித்து, அதனைத் துரும்பென உதறித் துறவு பூண்ட கவியரசர் இத்தெய்வத்தின் பெயரையே தாங்கியவர். சமணர் படுக்கை, பல்லவர் குகை, சைவரின் தாயுமானவர், அடிவாரத்தில் 1766-ஆம் வருஷத்தில் சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கிறிஸ்து ஆலயம், நகரத்தில் இஸ்லாமியரும் இந்துக்களும் ஒருங்கே தொழும் நத்தர்ஷா தர்கா—இவையனைத்தும் ஒரே மலையின் கண் பார்வைக்குள் அடங்கியிருப்பதைக் காண்பவர், மதத்தின் பெயரால் சண்டை மூட்டுவோருக்குத் தனியாக மறுப்பு எழுதவேண்டிய அவசியமில்லை.

யாருக்காக இந்தச் சண்டை?

இனி வருவது மலையின் துயரக் கதை. அதனை நாம் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் இந்தியா அந்நியர் கைக்குப் போன வழக்கில் முதல் சாட்சி இம்மலையே.

மதுரை நாயக்கர்கள் இதனைக் கோட்டையாக்கினர். அகழியும் மதிலும் தெப்பக்குளமும் எழுந்தன. பதினேழாம் நூற்றாண்டில் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மதுரையிலிருந்து இங்கே மாற்றினார். இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் அரண்மனைக் கட்டடம் இன்று சர்க்கார் பொருட்காட்சிச் சாலையாக விளங்குகிறது. விஜயரங்க சொக்கநாதர் புத்திரனின்றி மாண்டபின் அவரது பத்தினி மீனாட்சி ஆட்சி புரிந்தாள். சுற்றத்தார் பட்டத்துக்கு வழக்காடினர். வழக்குத் தீர்க்க வந்தவன் வழக்குப் பொருளையே விழுங்குவது உலக வழக்கம். ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபு வந்தான். இராணிக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். 1736-இல் கோட்டையைக் கைப்பற்றினான். சத்தியத்தை நம்பிய இராணி உயிரிழந்தாள். 1741-இல் மராட்டியர் வந்து சந்தா சாகிபைச் சிறைப்பிடித்துச் சென்றனர். இரண்டு வருஷத்துக்குள் நிஜாம் வந்தார்.

இவ்வளவும் நம்மவர்க்குள் நடந்த சண்டை. அடுத்துத்தான் அந்நியர் பிரவேசிக்கின்றனர். 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மடிய, அவர் புதல்வர் முகம்மதலி ஓடி வந்து இந்த மலையின் கீழ் ஒளிந்தார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகம்மதலிக்கு ஆங்கிலக் கும்பினியார் துணை. 1751-இல் முற்றுகை ஆரம்பித்தது. முற்றுகையைத் தளர்த்தவே கிளைவ் என்னும் இளைஞன் ஆர்க்காட்டைத் தாக்கினான். 1752-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்திலே சரணடைந்தது. சந்தா சாகிபு தஞ்சைத் தளபதியின் கையில் கொலையுண்டான். அவன் கல்லறை நத்தர்ஷா தர்காவிலே இருக்கிறது. எந்த மலையைப் பொய்ச் சத்தியத்தால் பெற்றானோ, அந்த மலை பார்த்துக்கொண்டிருக்கும் தூரத்திலேயே அவன் உறங்குகிறான்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. மைசூர் மந்திரி நஞ்சராஜரிடம், எனக்குத் துணை செய்தால் திருச்சிராப்பள்ளியையே உமக்குத் தருகிறேன் என்று முகம்மதலி இரகசிய வாக்குறுதி கொடுத்திருந்தார். வெற்றி கிடைத்ததும் வாக்குறுதி மறந்துபோயிற்று. மைசூரார் கோபங்கொண்டு பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தனர். 1753-லும் 1754-லும் மீண்டும் முற்றுகை. பொன்மலையைச் சுற்றி இரத்தம் ஓடிற்று. 1754-இல் பிரெஞ்சுப் படையினர் கோவிலடியருகே காவிரிக் கரையை வெட்டி, தஞ்சைக்குப் போகவேண்டிய தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டனர். போரிட்டவர் எவர், பட்டினிக்கு ஆளானவர் எவர் என்பதைச் சிந்தியுங்கள். மகேந்திரனுடைய சாசனம் எந்தக் காவிரியைக் காணவேண்டிக் கடவுள் மலையேறினார் என்று சொல்லிற்றோ, அந்தக் காவிரியை யுத்தத்திற்கு ஆயுதமாக்கினர்!

இந்தச் சண்டையிலே போரிட்டு மாண்ட சிப்பாய்களுள் மிகப் பெரும்பாலார் இந்தியர். உணவு மூட்டைகளைக் காட்டு வழியே கொண்டுவந்து சேர்த்து ஆங்கிலேயரைக் காப்பாற்றியவன் யூசுப்கான். அதே யூசுப்கான் பின்னர்ச் சுதந்தர ஆட்சி வேண்டி எழுந்தபோது, 1764-இல் மதுரையிலே நவாபும் கும்பினியாரும் சேர்ந்து அவனைத் தூக்கிலிட்டனர். முகம்மதலியோ கும்பினியாரின் தயவாலே நவாபானார். அவர்களிடம் பட்ட கடனாலே அடிமையானார். மலைமேல் வெடிமருந்து நிரப்பப்பட்டது. 1772-இல் அது வெடித்துப் பழம்பெரு மண்டபம் ஒன்று சிதறிற்று. 1801-ஆம் வருஷம் ஜூலை மாதம் 31-ஆம் தேதி செய்துகொண்ட உடன்படிக்கையினாலே கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. நவாபுக்கு எஞ்சியது பட்டமும் படிப்பணமுமே.

நியாயஸ்தலத்தில் ஒரு வழக்கை நடத்துவோர், எந்தத் தஸ்தாவேஜில் சொத்து கை மாறிற்று என்று தேடுவார்கள். தமிழ்நாடு கை மாறிய தஸ்தாவேஜு எது என்று நம்மைக் கேட்டால், 1801-இன் உடன்படிக்கையை நாம் காட்டமாட்டோம். அது வெறும் பதிவு. சொத்து கை மாறியது 1751-இல், இம்மலையின் அடிவாரத்தில். தன் சகோதரனை வெல்ல அந்நியன் துப்பாக்கியை வாடகைக்கு வாங்கிய அந்த நாளிலே.

சுவரில் ஒட்டிய அறிக்கை

இவ்வழக்கில் எதிர்ச் சாட்சியம் ஒன்றும் உண்டு. அதுவும் இதே மலைக்கோட்டையில் பதிவாயிற்று என்பதுதான் நம் உள்ளத்தைச் சிலிர்க்கச் செய்வது.

மேற்சொன்ன உடன்படிக்கைக்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், 1801-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ஆம் தேதியிட்ட அறிக்கை ஒன்று, திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலே நவாபு அரண்மனைக்குச் செல்லும் வாயிற் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஸ்ரீரங்கம் கோயிற் சுவரிலும் ஒன்று காணப்பட்டது. சிவகங்கைச் சின்ன மருது பாண்டியர் விடுத்த அந்த அறிக்கை ஜம்புத்தீவுப் பிரகடனம் எனப்படும். ஜம்புத்தீவு என்பது இந்த பாரத தேசம். பாளையக்காரர்களை மாத்திரமோ ஒரு சாதியாரை மாத்திரமோ அது விளிக்கவில்லை. பிராமணர் முதல் நாலு வருணத்தாரையும் முகம்மதியரையும் ஒருசேர விளித்தது. நவாபு முகம்மதலி அந்நியருக்கு இடங்கொடுத்துக் கைம்பெண்போல் ஆனதைச் சுட்டிற்று. மக்கள் ஒற்றுமையின்றித் தம்முள் பகைத்ததாலேயே அந்நியர் ஆட்சி வேரூன்றிற்று என்று எடுத்துரைத்தது. சிப்பாய்களை ஆயுதத்துடன் எழும்படி அழைத்தது. அறிக்கையைச் சுவரிலிருந்து கிழிப்பவன் மகா பாதகங்கள் செய்தவனாவான் என்றும் சபித்தது.

இந்த அறிக்கை எங்கோ காட்டிலிருந்து எழுந்த கூக்குரல் என்று எண்ணற்க. அதற்குப் பின்னால் தென்னாடெங்கும் பரவிய ஒரு கூட்டணி இருந்தது. அக்கூட்டணியின் ஒரு தூண் நம் பக்கத்திலேயே நின்றது என்பதை மடத்துக்குளத்தார் எத்தனை பேர் அறிவர்? பழனியைத் தாண்டி ஒட்டன்சத்திரம் போகும் வழிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கரே அவர். கணவனை இழந்த சிவகங்கை இராணி வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த ஊர் விருப்பாட்சி. 1800-ஆம் வருஷத்தில் கோயமுத்தூரிலிருந்த கும்பினிப் படையைத் தாக்க எழுந்த முயற்சியும் இக்கூட்டணியாரின் ஏற்பாடே. அது தோல்வியுற்றது, பலர் தூக்கிலிடப்பட்டனர். அத்தூக்குமரம் நாட்டப்பட்ட ஊர்களுள் நம் தாராபுரமும் ஒன்று. கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர் அதே வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரிலே தூக்குமேடை ஏறினர். நம் கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை 1805-இல் சங்ககிரி மலைக்கோட்டையில் உயிர் துறந்தார்.

திரிசிராமலை, திண்டுக்கல், சங்ககிரி—மூன்றும் மலைகள். நம் நாட்டு விடுதலையின் முதல் அத்தியாயம் கல்லின் மேல் எழுதப்பட்டது. காகிதத்தில் ஏறுவதற்கு நூற்றெழுபது வருஷங்களாயின. பேராசிரியர் கே. இராஜய்யன் இக்கிளர்ச்சியைப் பற்றிய நூலை 1971-இல் வெளியிட்ட பின்னரே, பாளையக்காரர் கலகம் என்று கும்பினியார் இட்ட பெயர் மாறித் தென்னிந்தியக் கிளர்ச்சி என்ற பெயர் கற்றோரிடையே நிலைபெறலாயிற்று.

உச்சியிலிருந்து

அண்மையில் நம் பக்கத்து இளைஞர் சிலருடன் இம்மலையில் ஏறும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையலும் கட்டிங்கும் செய்பவர்கள். விடுமுறை நாளொன்றில் வந்திருந்தனர். நானூறுக்கு மேற்பட்ட படிகள். 1849-இல் பிள்ளையார் சதுர்த்தியன்று கூட்டம் கலைந்தோடி நெரிசலிலே நூற்றுக்கணக்கானவர் மாண்டது இந்தக் குறுகிய படிவழியிலேதான் என்பதை எண்ணியபடியே ஏறினோம். உச்சிப் பிள்ளையாரை நோக்கிக் கூட்டம் மேலே போய்க்கொண்டிருந்தது. வழியிலே ஒதுங்கி நிற்கும் பல்லவர் குகைப் பக்கம் திரும்பியவர் ஒருவருமில்லை. எம்முடன் வந்த இளைஞர்களும் தாண்டிச் சென்றனர். திரும்ப அழைத்து அந்தக் கங்காதரனைக் காட்டினோம். ஓர் இளைஞர் நெடுநேரம் நின்றார். “இத்தனை நாள் இதை யாரும் சொல்லலையேங்க” என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. யார் சொல்லியிருக்கவேண்டும்? பத்திரிகை நடத்தும் நாமல்லவா?

உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கினோம். வடக்கே காவிரி, அப்பால் 1987-இல் நிறைவு பெற்ற ஸ்ரீரங்கத்து இராஜ கோபுரம். கீழே தெப்பக்குளமும், மேற்கு மதிலில் எஞ்சி நிற்கும் மெயின்கார்டு கேட்டும். கோட்டை மதிலைக் கும்பினியாரின் வாரிசுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்து அகழியையும் தூர்த்துவிட்டனர். மருதுவின் அறிக்கை ஒட்டிய சுவர் இன்று இல்லை. தெற்கே பொன்மலை ரெயில்வே தொழிற்சாலை. 1946-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி போலீசாரின் துப்பாக்கிக்கு ஐந்து தொழிலாளிகள் பலியான பூமி. கீழே தெரிந்த அதே நகரத்திலிருந்துதான் 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். எந்த ஊரில் கும்பினியார் தென்னாட்டின் தலையெழுத்தை மாற்றினரோ, அந்த ஊரிலிருந்தே அவ்வெழுத்தை அழிக்கும் பாதயாத்திரை கிளம்பிற்று. ஏகாதிபத்தியங்கள் வந்தன, போயின, மலை நிற்கிறது.

நம் ஊர்க் கரடுகள்

மலை நிற்கிறது என்றோம். ஏன் நிற்கிறது? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய மற்றொரு காரணம்.

திரிசிராமலையை உடைத்து ஜல்லியாக்க எவனும் துணியமாட்டான். அதன் உச்சியில் பிள்ளையார் இருக்கிறார். நடுவில் தாயுமானவர் இருக்கிறார். குடைவரைகளைச் சட்டம் காக்கிறது. 1958-ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டமும் 2010-ஆம் வருஷத்துத் திருத்தமும், பிரகடனம் செய்யப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடுக்கப்பட்ட பிரதேசம் என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பிரதேசம் என்றும் விதிக்கின்றன. நல்லது. ஆனால் ‘பிரகடனம் செய்யப்பட்ட’ என்ற சொல்லை நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பிரகடனம் செய்யப்படாத குன்றுக்கு இச்சட்டத்தில் நாதி இல்லை.

திரிசிராமலையைச் செதுக்கிய அதே மழையும் காற்றும் கொங்கு நாட்டிலும் நூற்றுக்கணக்கான கரடுகளைச் செதுக்கி வைத்திருக்கின்றன. அவற்றின்மீது ஆடு மேய்கிறது. அடியில் கிணறு ஊறுகிறது. சிலவற்றின் தலையில் ஒரு கறுப்பனோ முருகனோ காவல் நிற்கிறான். ஜில்லா எங்கும் பல்லடத்திலிருந்து காங்கயம் வரை சாலையில் போகிறவர், பாதி கடித்த பழம்போல் நிற்கும் கரடுகளைக் காணாமல் போகமுடியாது. வெடி வைக்கிறார்கள், கிரஷர் ஓடுகிறது, ஜல்லியும் எம்-சாண்டும் லாரியேறுகின்றன. வீடு கட்டக் கல் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நாமும் கல் வீட்டில்தான் வசிக்கிறோம். எந்தக் கரட்டை எடுப்பது, எந்தக் கரட்டை விடுவது என்பதை யார் தீர்மானிப்பது என்பதே கேள்வி. ஏலம் எடுத்தவனா? அல்லது அதன் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனா?

ஜனங்கள் தீர்மானித்தால் சர்க்கார் கேட்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே உதாரணம் உண்டு. மதுரை ஜில்லாவில் மேலூருக்கருகே அரிட்டாபட்டி என்னும் கிராமம். சமணர் படுக்கையும், தமிழி எழுத்தும், பாண்டியர் குடைவரையும் உள்ள குன்றுகள் அங்கே இருக்கின்றன. சுற்று வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதைக் கண்ட அவ்வூரார் தங்கள் குன்றை விட்டுக்கொடுக்கவில்லை. 2022-இல் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2024-இல் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. உழவர்கள் மதுரைக்கு அணிவகுத்து நடந்தனர். 2025-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தையே ரத்து செய்தது. பெரிய கட்சியோ பெரிய தலைவரோ முன்னின்று நடத்தியதன்று அது. தங்கள் குன்றின் சரித்திரத்தை அவ்வூரார் அறிந்திருந்தனர். ஆகையால் அதற்காக வாதாட அவர்களால் முடிந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. சரித்திரம் தெரிந்த மலை தப்பும்; சரித்திரம் தெரியாத மலை ஜல்லியாகும். ஆகவே ஊர்தோறும் செய்யவேண்டிய காரியங்கள் சில உள. முதலாவது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லையிலுள்ள கரடுகளுக்கும் பாறைகளுக்கும் ஒரு பதிவேடு தயாரிக்கவேண்டும். பெயர், சர்வே எண், அதிலுள்ள கோயில், சுனை, கல்வெட்டு, படுக்கை, அடிவாரக் கிணறுகள் ஆகிய யாவும் அதில் இடம்பெறவேண்டும். இரண்டாவது, அப்பதிவேட்டைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். குவாரிக்கு ஏலமென்று கெஜட்டில் அறிவிப்பு வந்தபின் ஓடுவதைவிட, வருமுன் எழுதி வைத்த ஒரு தீர்மானம் நூறு மடங்கு வலியது என்பதை வழக்கு நடத்தியோர் அறிவர். மூன்றாவது, பழஞ் சின்னம் ஏதேனும் தென்பட்டால் 1966-ஆம் வருஷத்து மாகாணச் சட்டத்தின்கீழ் அதனைப் பாதுகாக்கும்படி தொல்லியல் துறைக்கு மனுச் செய்யவேண்டும். நான்காவது, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் சென்று, பிள்ளையாரைக் கும்பிட்டு இறங்கும்போது அந்தக் குகையில் அரை நாழிகை நிறுத்தவேண்டும்.

திருச்சி நகரசபையாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1866-இல் முனிசிபாலிட்டியாகி 1994-இல் மாநகராட்சியான பழம்பெரும் ஸ்தாபனம் அவர்களுடையது. மருதுவின் அறிக்கை ஒட்டிய சுவரைத் திரும்பக் கட்ட எவராலும் முடியாது. ஆனால் அவ்வறிக்கையின் முழு வாசகத்தையும் நல்ல தமிழில் கல்லிலே வெட்டி, மலைப்படியில் கால் வைக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் படுமாறு நிறுத்த முடியும். காகிதத்தில் ஒட்டியதை அந்நியர் கிழித்தெறிந்தனர். கல்லில் வெட்டியதைக் கிழிக்க எவராலும் ஆகாது.

நம் கடமையை நாம் இங்கிருந்தே தொடங்குவோம். அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாளிருக்கிறது. அதற்குள் உங்கள் ஊர்க் கரட்டின்மீது ஒருமுறை ஏறிப் பாருங்கள். அதன் பெயரை உங்கள் பாட்டியாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால், இப்பத்திரிகையின் பத்திகளில் அதற்கு என்றும் இடமுண்டு.